ரிச்சி தெருவில் கிடைத்த இணைப்பு

ஸ்டுட்கார்ட்டிலிருந்து மூன்று வார லீவில் நங்கநல்லூர் வந்த மறுநாளே, தெருவில் பள்ளம் தோண்டி வீட்டு பிராட்பேண்ட் கேபிளை அறுத்துவிட்டார்கள். ஆபீஸ் வேலை பாக்கி இருந்தது. அப்பாவின் பிஎஸ்என்எல் சிம்மைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு யூஎஸ்பி டாங்கிள் (சிம் போட்டு லேப்டாப்பில் செருகும் குட்டி மோடம்) வாங்கினேன். என் லேப்டாப்பில் ஓடுவது விண்டோஸ் இல்லை, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். செருகினால் மோடமே தெரியவில்லை. சிடி ஐகான் ஒன்று வந்தது, உள்ளே விண்டோஸ் செட்டப் கோப்பு.

வாங்கிய கடைக்கே போய் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கவுண்டரில் இருந்தவர் லேப்டாப்பைத் திறக்கவே விடவில்லை. "லினக்ஸுக்கெல்லாம் சப்போர்ட் கிடையாது சார், விண்டோஸ் போட்டுட்டு வாங்க." விற்கிற பொருளைப் பற்றி இவ்வளவுதான் தெரியுமா என்று மனசு கஷ்டப்பட்டது.

சரி என்று மெட்ரோ பிடித்து அரசினர் தோட்டத்தில் இறங்கி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தேன். செல்போன் ரிப்பேர் செய்யும் சின்னக் கடையில் ஒரு தம்பி. டாங்கிளைச் செருகி ஒரே ஒரு கட்டளை தட்டிப் பார்த்தார்.

"அண்ணா, இது இன்னும் சிடியாவே நிக்குது. மோட்ஸ்விட்ச் போடலையா?"

விஷயம் அதுதான். தனியாக டிரைவர் சிடி தர வேண்டாம் என்று அதை டாங்கிளுக்குள்ளேயே வைத்து விற்கிறார்கள். அதனால் முதலில் சிடி டிரைவாகத்தான் முகம் காட்டும். 'மோடமாக மாறு' என்று யாராவது சொல்ல வேண்டும். விண்டோஸில் அந்த டிரைவர் சொல்லும். லினக்ஸில் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சின்ன மென்பொருள் சொல்லும். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸில் அது கூடவே வந்துவிடும். நான் டெபியனை மிகக் குறைவான மென்பொருள் பொதிகளோடு நிறுவியிருந்தேன், அதனால் அதுவும் இல்லை, மோடமை இயக்கும் மோடம் மேனேஜரும் இல்லை.

இறக்க நெட் வேண்டுமே! தன் போனைக் கேபிளில் மாட்டி, அதன் நெட்டை லேப்டாப்புக்குப் பகிரும் டெதரிங் கொடுத்தார். இரண்டையும் நிறுவி, டாங்கிளைப் பிடுங்கி மறுபடி செருகினார். மோடம் தெரிந்துவிட்டதற்கு அடையாளமாக, டிடிஒய்-யூஎஸ்பி என்று மூன்று போர்ட்டுகள் வரிசையாக முளைத்தன. அப்புறம் நெட் இணைப்புகளை அமைக்கும் நெட்வொர்க் மேனேஜரில் மொபைல் பிராட்பேண்ட், நாடு இந்தியா. ஏபிஎன் (சிம் நிறுவனத்தின் நெட் நுழைவாயில் பெயர்) கட்டத்தில் 'பிஎஸ்என்எல்நெட்', இடைவெளி இல்லாமல், எல்லாம் சின்ன எழுத்து. யூசர்நேம், பாஸ்வேர்டு காலி. பச்சையாக மின்னிக்கொண்டிருந்த விளக்கு நீலமாகி நின்றது.

ஐம்பது ரூபாய் போதும் என்றார். நூறு கொடுத்தேன், மீதியை எண்ணிக் கையில் வைத்துவிட்டார்.

வீட்டில் அறைக்குள் சிக்னல் குறைவு. ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, டாங்கிளை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டேன். ஊர் திரும்பும்வரை அங்கேயேதான் இருந்தது.