நான்கு வருடமாக ஓடும் பதிவுப் பெட்டி: புளியரையிலிருந்து ஓர் அனுபவம்

பின்கட்டில் இருந்த தண்ணீர் மோட்டாரை ஒரு ராத்திரியில் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கேமராதான் இருக்கிறதே என்று, படத்தைப் பதிந்து வைக்கும் டிவிஆர் பெட்டி முன்னால் உட்கார்ந்தோம். வாசல், தொழுவம், பின்கட்டு, மாடி என்று நாலு கட்டமும் பளிச்சென்று ஓடுகிறது. பழைய பதிவைத் தேடினால் நாற்பது நாளாக ஒன்றுமே இல்லை. பார்க்க வந்த தம்பி பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். "அண்ணாச்சி, ஹார்டு டிஸ்க் செத்துப் போச்சுல்லா. லைவ் ஓடும், எங்க போயி பதியும்?"

அந்தப் பெட்டிக்குள் இருந்தது கம்ப்யூட்டருக்கான சாதாரண டிஸ்க். ராத்திரி பகலாக எழுதிக்கொண்டே இருக்க அது செய்யப்பட்டதில்லை. கண்காணிப்புக்கென்றே டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் மாதிரி டிஸ்குகள் தனியாக வருகின்றன. விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் கேமராவில் மிச்சம் பிடித்தாலும் பிடிக்கலாம், இதில் பிடிக்கக் கூடாது.

டிஸ்க் எத்தனை டிபி (1 டிபி என்றால் 1000 ஜிபி) வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள், நாமே கணக்குப் போடலாம். நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் எழுதும் கேமரா ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிபி தின்னும். நாலு கேமரா என்றால் 172 ஜிபி. 1 டிபி டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது, அதற்குப் பிறகு பழையதன் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். நான் 4 டிபி போட்டேன், மூன்று வாரத்துக்குக் குறையாமல் நிற்கிறது. லாரி ஒன்று ரிவர்ஸில் வந்து காம்பவுண்டுச் சுவரை இடித்ததை ஒன்பது நாள் கழித்துத்தான் கவனித்தோம். பதிவு இருந்தது, ஓனர் பேசாமல் சுவரைக் கட்டிக் கொடுத்தார்.

இந்த முறை வாங்கியது என்விஆர், அதாவது நெட்வொர்க் கேமராக்களுக்கான பதிவுப் பெட்டி. அதிலும் பிஓஇ வகை. ஒரே ஈதர்நெட் கம்பியில் படமும் கரண்டும் போகும். 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. கம்பி முழுச் செம்பாக இருக்கிறதா என்று ஒரு முனையைச் சுரண்டிப் பாருங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பி நீளமாக ஓடினால், பகலில் ஒரு குறையும் தெரியாது. இருட்டி, கேமராவில் இருக்கும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரிந்ததும்தான் கேமரா அணைந்து அணைந்து எழும். எனக்கு முதலில் இழுத்த தொழுவத்துக் கம்பி அப்படித்தான் இருந்தது, சண்டை போட்டு மாற்றினேன். வைஃபை கேமராவை நான் யோசிக்கவேயில்லை. பதிவாகும் மெமரி கார்டு அதற்குள்ளேயே இருந்தால் கேமராவைப் பிடுங்குகிறவன் பதிவையும் சேர்த்துக் கொண்டுபோவான்.

எங்கள் பக்கத்துக் கதை தனி. கேரள எல்லையான கோட்டைவாசல் தாண்டினால் ஆரியங்காவு, மலை முகம். ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை சாரல். ராத்திரி ஐஆர் வெளிச்சத்தில் ஒவ்வொரு துளியும் வெள்ளைக் கோடாக இறங்கும். அசைவு இருந்தால் மட்டும் பதிவு என்று வைத்திருந்தேன், மழையே அசைவாகிப் போனில் விடிய விடிய மணி அடித்தது. இப்போது இருபத்து நான்கு மணி நேரப் பதிவு, ஆள் நடமாட்டத்துக்கு மட்டும் மணி. அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்ஸுக்கு முன்னால் ஒரே ஒரு நூல் தொங்கினாலும் படம் முழுக்க வெளுத்துவிடும். வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது வீட்டுக்காரம்மா ஒட்டடைக் கம்பை நாலு கேமராவிலும் ஒரு தட்டுத் தட்டிவிடுவாள்.

ஐப்பசி இடி மின்னலில் பழைய டிவிஆரில் கேமராக் கம்பி செருகும் இரண்டு போர்ட் போனது. ஈதர்நெட் கம்பியும் செம்புதானே, மின்னலுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? எர்த்தைச் சரிபார்த்து மின்னல் அதிர்ச்சியைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் போட்டேன், இதுவரை தப்பித்திருக்கிறது. பெட்டியும் ரூட்டரும் யுபிஎஸ்ஸில் இருக்கின்றன. நெட் போனாலும் பதிவு நிற்காது, கொல்லத்தில் இருக்கும் மகன் போனில் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

மெனுவில் டிஸ்க் பழுதானால் பஸ்ஸர் அடிக்கும் வசதி உண்டு. என் பெட்டியில் அது அணைந்தே வந்தது. முதல் வேலையாக அதைப் போடுங்கள். கூடவே கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது அந்த மாற்றாத பாஸ்வேர்டுகள் வழியாகத்தான். கடிகாரமும் சரியாக இருக்கட்டும், என்னுடையது ஒருமுறை பதினொரு நிமிடம் பிந்தியிருந்தது. மாதம் ஒரு நாள் போன வாரத்துப் பதிவு ஒன்றை ஓட்டிப் பார்க்கிறேன்.

தீராத பிரச்சினை குரங்குதான். மாடிக் கேமராவை வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறது. நாலு வருடத்தில் ஏழெட்டு முறை ஏணி போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஆள் யார் என்று பதிவில் பல் வரைக்கும் தெளிவாகத் தெரிகிறது.