லினக்ஸில் வைரஸே வராது என்று சொன்னவர் எங்கள் சர்வரைத் திறந்துபோட்டுவிட்டுப் போன கதை

சிவகாசியில் சின்னதாக ஒரு டிசைனிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள் வேலைகள். வேறொரு ஆள் போட்டுக்கொடுத்த லினக்ஸை (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்) நம்பி ஓட்டிக்கொண்டிருக்கும் என்னைப் போன்ற கடைக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். ஆனால் முழுவதும் படியுங்கள்.

2023 கடைசியில் ஒரு வாடிக்கையாளரின் பென்டிரைவ் வழியாக எங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரான்சம்வேர் ஏறி, இரண்டு வருட டிசைன் ஃபைல்கள் போய்விட்டன. அந்தப் பயத்தில் இருந்தபோதுதான் தெரிந்த அச்சகத்தில் ஒரு டெக்னீஷியனைச் சொன்னார்கள். வந்து பார்த்தவர், "அண்ணாச்சி, ஃபைல் எல்லாத்தையும் ஒரு லினக்ஸ் சர்வர்ல போட்டுருவோம். லினக்ஸ்ல வைரஸே வராது. ஆன்டிவைரஸ் செலவும் மிச்சம்" என்றார். 2024 ஜனவரியில் பழைய நாலு கோர் கம்ப்யூட்டர் ஒன்றில் உபுண்டு என்கிற லினக்ஸ் வகையைப் போட்டு, இரண்டு விண்டோஸ் மெஷினும் அதிலிருந்து ஃபைல் எடுக்கிற மாதிரி அமைத்துக் கொடுத்தார். பராமரிப்புக்கு வருடம் 9,000 ரூபாய். எங்கிருந்தும் சரி செய்து தர வசதியாக இருக்கும் என்று சொல்லி, பிராட்பேண்டில் ஸ்டாட்டிக் ஐபியும் (மாறாத இணைய முகவரி) வாங்க வைத்தார்.

ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. ஜூன் மாதம் நடுவில் சர்வரின் ஃபேன் சத்தம் போட ஆரம்பித்தது. மதிய நேரம் பக்கத்தில் நின்றால் முழங்காலில் அனல் அடிக்கும். ஃபைல் திறக்க அரை நிமிடம், ஒரு நிமிடம். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியிடுகிற ஊர் இது. அதற்கு முந்தைய ஆறு வாரம் எங்களுக்கு எப்படிப்பட்ட நேரம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கூப்பிட்டேன். வந்தார். தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று 600 ரூபாய். பத்து நாள் கழித்து அதே சத்தம். இந்த முறை கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி போய்விட்டது என்று 2,600. அப்புறமும் சரியாகவில்லை. மூன்றாவது தடவை, "டிஸ்க் போயிருச்சு அண்ணாச்சி, எஸ்எஸ்டி மாத்தணும், ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார். வைரஸாக இருக்குமோ என்று மூன்று முறையும் நான் கேட்டேன். மூன்று முறையும் சிரித்தார். "லினக்ஸ்லயா?" மூன்று முறை வந்தும் ஒரு தடவைகூட கீபோர்டைத் தொட்டு என்ன ஓடுகிறது என்று பார்க்கவில்லை. நேராக ஸ்க்ரூ டிரைவரைத்தான் எடுத்தார். அந்த இரண்டு மாதக் கரண்ட் பில்லில் 90 யூனிட்டுக்கு மேல் கூடியிருந்தது.

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் பிராட்பேண்ட் கம்பெனியிலிருந்து போன் வந்தது. உங்கள் ஐபியிலிருந்து வெளியூர் சர்வர்களுக்குள் நுழைய முயற்சி நடக்கிறது, இரண்டு நாளில் நிறுத்தாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்றார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் அக்கா மகன் அந்த வாரம் ஊரில் இருந்தான். அவனைக் கூட்டிவந்து உட்கார வைத்தேன்.

அவன் 'டாப்' என்று ஒரே ஒரு கட்டளை அடித்தான். பட்டியலில் முதல் வரியில் 'கேஸ்வாப்டி0' என்று ஒரு புரோகிராம். சிபியூ 390 சதவீதம். அதாவது நாலு கோரையும் அதுவே தின்றுகொண்டிருந்தது.

"மாமா, இந்தப் பேர்ல லினக்ஸ்லயே ஒண்ணு உண்டு. மெமரியைப் பார்த்துக்கிறது. ஆனா அது ரூட்ங்கிற தலைமைக் கணக்கு பேர்லதான் ஓடும். இது யார் பேர்ல ஓடுதுன்னு பாருங்க."

பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சப்போர்ட்' என்று இருந்தது. எங்கள் ஆபீஸில் அப்படி ஒரு கணக்கு இருப்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. டெக்னீஷியன் தனக்காக வைத்துக்கொண்ட கணக்கு அது. ரூட்டரில், வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைகிற வழியான 22-ஆம் போர்ட்டை உலகத்துக்கே திறந்துவிட்டு, அந்தக் கணக்குக்கு 'சப்போர்ட்123' என்று பாஸ்வேர்டு வைத்திருந்தார். நாங்கள் கேட்டபோது அவரே வாட்ஸ்அப்பில் அனுப்பினார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அந்தக் கணக்கின் வீட்டு ஃபோல்டரில், புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத 'கான்ஃபிக்ஆர்சி' என்று ஒரு ஃபோல்டர். அதன் தேதி ஜூன் 11. உள்ளே எங்கள் கரண்டில் யாருக்கோ மொனீரோ என்கிற டிஜிட்டல் நாணயம் தோண்டுகிற புரோகிராம். பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே நுழைய உதவும் டிஜிட்டல் சாவிகள் வைக்கிற ஃபைலில் ஒரு புதிய சாவி. அதன் வால் பகுதியில் ஒரு ஆங்கில வசைச்சொல்லை உயிரெழுத்துகளை எடுத்துவிட்டு எழுதியிருந்தார்கள். மருமகன் அதைப் பார்த்ததுமே சொல்லிவிட்டான். 'அவுட்லா' என்று ஒரு கூட்டம், 2018-லிருந்தே அறியப்பட்டது, இந்த ஃபோல்டரும் இந்த வசையும் அவர்களுடைய கையெழுத்து மாதிரி என்றான். நமக்கென்று யாரும் குறிவைத்து வருவதில்லை. இணையத்தில் இருக்கிற ஐபி முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகிற புரோகிராம்கள் அவை. நுழைந்த சர்வரை வைத்து அடுத்த கதவைத் தட்டும். எங்களுக்கு வந்த புகார் அதனால்தான்.

லாக் ஃபைலில் கடைசி நாலு வாரம்தான் மிஞ்சியிருந்தது. அதில் மட்டும் 'பாஸ்வேர்டு தவறு' என்ற வரி ஆயிரக்கணக்கில். அட்மின், டெஸ்ட், ஆரக்கிள் என்று பெயர் மாற்றி மாற்றி, இரவு பகல் பார்க்காமல். அதைக் கீழே கீழே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாங்கள் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் ராத்திரியெல்லாம் யாரோ கதவை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அவன் அந்தப் புரோகிராமை நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் ஓடியது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுகிற க்ரான்டாப் பட்டியலில் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ள வரிகளை எழுதி வைத்திருந்தது. அந்தக் கணக்குக்கு அட்மின் உரிமையும் இருந்ததால், எதைத் தொட்டிருக்கிறார்கள் என்று இனிமேல் நம்ப முடியாது, டிஸ்கையே துடைத்துவிடுவோம் என்றான். ஃபைல்களை வெளி டிஸ்கில் எடுத்து ஸ்கேன் செய்து, இன்னொரு லினக்ஸ் வகையான டெபியன் 12-ஐப் புதிதாகப் போட்டோம். ஒரு ஞாயிறு முழுக்க ஆனது. பாஸ்வேர்டு எல்லாம் மாற்றினோம். ஸ்டாட்டிக் ஐபியை விட்டுவிட்டோம். அதே பழைய டிஸ்க், அதே பழைய கம்ப்யூட்டர். இப்போது ஃபேன் ஓடுவதே தெரியவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. அவர் போட்டிருந்தது உபுண்டு 18.04. அதற்கான வழக்கமான இலவச ஆதரவு 2023 மே மாதமே முடிந்துவிட்டது. 2024-ல், காலாவதியானதைப் புதிதாகப் போட்டுவிட்டு, பராமரிப்பு என்று பணம் வாங்கியிருக்கிறார். ஒரு அப்டேட்கூடச் செய்யவில்லை. மருமகன் ஒரு உதாரணம் சொன்னான்: தென் கொரியாவில் நயானா என்ற வெப் ஹோஸ்டிங் கம்பெனியின் 153 லினக்ஸ் சர்வர்களை 2017 ஜூனில் ரான்சம்வேர் பூட்டியது. சுமார் 10 லட்சம் டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டுதான் மீண்டார்கள். அவர்களுடைய வெப்சைட் ஓடியது 2008-ல் கம்பைல் செய்த கெர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியில். மருமகன் இதைச் சொன்னபோது, முதல் தடவை நாங்கள் இழந்த ஃபைல்கள்தான் ஞாபகம் வந்தன. இதே ஆட்கள் மொனீரோவுக்குப் பதிலாக ஃபைல்களைப் பூட்டியிருந்தால் என் கதி என்ன?

லினக்ஸைக் குறை சொல்லவில்லை. இன்றும் அதைத்தான் வைத்திருக்கிறேன். மெயிலில் வந்ததை டபுள் கிளிக் செய்ததும் ஓடிவிடாது, சாஃப்ட்வேர் ஒரே நம்பகமான இடத்திலிருந்து கையெழுத்துச் சரிபார்த்து வரும், இதெல்லாம் உண்மை. ஆனால் "ரூட் பாஸ்வேர்டு இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்கிறார்களே, அதை நம்பாதீர்கள். நாணயம் தோண்டுவதற்கு ரூட் உரிமை தேவையே இல்லை, சாதாரணக் கணக்கு போதும். அப்புறம், விண்டோஸ் வைரஸ் ஃபைல் லினக்ஸ் சர்வரில் ஓடாது என்றாலும், அங்கே உட்கார்ந்திருந்து அடுத்த விண்டோஸ் மெஷினுக்குப் போகும். எங்களைப் போல இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் சர்வரில் கிளாம்ஏவி மாதிரி ஒரு ஆன்டிவைரஸைப் போட்டு ஸ்கேன் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

வீட்டில் மட்டும் லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு என்னளவு ஆபத்து இல்லை. ஆனால் எங்கிருந்து இறக்குகிறீர்கள் என்று பாருங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற வகையின் சொந்த வெப்சைட்டையே உடைத்து, பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்கு (இன்ஸ்டால் செய்கிற ஃபைல்) லிங்கை மாற்றிவிட்டார்கள். 2025 ஜூலையில், ஆர்ச் என்கிற லினக்ஸ் வகையின் பயனர்களே பேக்கேஜ் (சாஃப்ட்வேர் பொதி) ஏற்றும் ஏயூஆர் தளத்தில் பிரவுசருக்கான திருத்தம் என்ற பெயரில் மூன்று பேக்கேஜ் வந்தன. உள்ளே இருந்தது கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து ஆட்டிவைக்கிற ட்ரோஜன். இரண்டு நாளில் நீக்கிவிட்டார்கள், அதற்குள் போட்டவர்கள் போட்டதுதான்.

வேறு ஆள் அமைத்துக் கொடுத்த சர்வர் என்றால் அவரிடம் இன்றே கேளுங்கள்: என்னென்ன கணக்குகள் இருக்கின்றன, ரூட்டரில் எந்தப் போர்ட் திறந்திருக்கிறது, கடைசியாக எப்போது அப்டேட் செய்தீர்கள், எந்தப் பதிப்பு, அதற்கு ஆதரவு எதுவரை. வெளியிலிருந்து எஸ்எஸ்எச் (அந்த 22-ஆம் போர்ட் வழியாக நுழைவது) கட்டாயம் வேண்டும் என்றால் பாஸ்வேர்டு நுழைவை நிறுத்திவிட்டு சாவி மட்டும் வைக்கச் சொல்லுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். தெர்மல் பேஸ்ட் போட்டது உண்மைதானே என்றார். அதோடு விட்டுவிட்டேன். ஆனால் அவர் அமைத்துக் கொடுத்த இன்னும் இரண்டு அச்சகங்கள் எனக்குத் தெரியும். அடுத்த நாள் மருமகனோடு இரண்டுக்கும் போனேன். முதல் இடத்தில் சர்வர் சுத்தமாக இருந்தது, கணக்கு மட்டும் அப்படியே இருந்தது. இரண்டாவது இடத்தில் உள்ளே நுழையும்போதே ஃபேன் சத்தம் கேட்டது. அந்த முதலாளி, "போன மாசம்தான் எஸ்எம்பிஎஸ் மாத்துனோம்" என்றார். இரண்டு இடத்திலும் ரூட்டரில் 22-ஐ மூடிவிட்டுத்தான் வந்தோம்.