நாரிப்பிடிப்பு என்று நினைத்தது: ஓர் இடுப்புப் பெல்ட்டுடன் மூன்று வருடம்

2021 நவம்பர், நல்ல மழை. 100ஆம் இலக்க பஸ்ஸில் இருந்து வெள்ளவத்தையில் இறங்குகிறேன். காலி வீதியில் பஸ் முழுதாக நிற்காது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு நிலம் நான் நினைத்ததைவிட ஒரு சாண் கீழே இருந்தது. விழவில்லை. இடது குதிக்காலில் பட்ட இடி நேரே பிட்டம் வரை ஏறியது மட்டும் ஞாபகம்.

வீட்டில் எல்லாருக்கும் அது நாரிப்பிடிப்புத்தான். மாமி எண்ணெய் காய்ச்சித் தந்தார், நானும் பூசினேன். ஒரு மாதமாகியும் போகவில்லை. எக்ஸ்ரேயும் எடுத்து, எம்ஆர்ஐயும் எடுத்து, "வயதுக்கேற்ற தேய்மானம்தான், பெரிதாக ஒன்றுமில்லை" என்று தாளைத் திருப்பித் தந்தார்கள். ஒன்றுமில்லை என்றால் ஏன் கட்டிலில் புரண்டு படுக்கும்போது உயிர் போகிறது? ஓட்டோவில் இருந்து இறங்கும்போதும், ஒற்றைக் காலில் நின்று உள்பாவாடை போடும்போதும் ஏன் குத்துகிறது?

டொக்டர் கேட்ட ஒரு கேள்வி அப்போது எனக்கு விளங்கவில்லை. காலையில் எழும்பினால் அரை மணித்தியாலத்துக்கு மேல் இறுக்கமாக இருக்கிறதா, நடக்க நடக்க இளகுகிறதா என்று கேட்டார். அப்படி இருந்தால் அது வாத அழற்சி வகை, அதுவும் இளவயதில் தொடங்கினால் வாத நோய் நிபுணரிடம் போக வேண்டுமாம். எனக்கோ எதிர்மாறு, நடக்க நடக்கத்தான் கூடியது. இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் வரவில்லை. சிறுநீர் போவதில் சிக்கல், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போதல், கால் சோர்ந்து விழுதல் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொண்டார். அவை இருந்தால் பெல்ட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அதற்குப் பிறகு நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதத்தான் வேண்டும். தெரிந்த ஒருவர் சொன்னாரென்று ஓர் இடத்துக்குப் போனேன். "எலும்பு விலகிவிட்டது" என்று 'டக்' கென்று ஒரு திருப்புத் திருப்பினார். இரண்டு நாள் சொர்க்கம், மூன்றாம் நாள் பழையபடி. "திரும்ப விலகிவிட்டது, வாருங்கள்." இப்படி ஆறு கிழமை, ஆறு தரம் காசு. காசைவிடப் பெரிய நட்டம், என் இடுப்பு எந்த நேரமும் கழன்றுவிடும் என்ற பயம். அந்தப் பயத்தில் குனிவதையே விட்டுவிட்டேன்.

அந்தப் பயத்தை எடுத்தவர் ஒரு பிசியோ. மட்டக்களப்புப் பிள்ளை, என்னைவிடப் பத்து வயது குறைவு. "எங்க நோகுது என்று ஒற்றை விரலால காட்டுங்க அக்கா" என்றார். முதுகின் கீழே இரண்டு பக்கமும் சின்னக் குழி இருக்கிறதல்லவா, இடப்பக்கக் குழிக்குச் சற்றுக் கீழே, உட்பக்கமாக விரலை வைத்தேன். இரண்டாம் தரம் கேட்டபோதும் விரல் அங்கேயே போனது. அப்புறம் ஐந்து சோதனை. மல்லாக்கப் படுக்க வைத்துத் தொடையை நிமிர்த்தி முழங்கால் வழியே கீழ்நோக்கி அழுத்துவது, ஒரு காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுவது, இடுப்பெலும்பை முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் அழுத்துவது, குப்புறப் படுக்கவைத்து நடுவில் அமுக்குவது. ஒன்று நொந்தால் அதை நம்ப மாட்டார்களாம், குறைந்தது மூன்று நொந்தால்தான் எஸ்.ஐ. (சாக்ரோஇலியாக்) மூட்டைச் சந்தேகிப்பார்கள். எனக்கு நாலு நொந்தது.

முள்ளந்தண்டின் அடியில் இருக்கும் திருவெலும்பு இரண்டு இடுப்பெலும்புக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறங்கி இருக்கிறது. அது இரு பக்கமும் சேரும் இடந்தான் இந்த மூட்டு. அசைவது சில பாகை, ஓரிரு மில்லிமீற்றர், அவ்வளவுதான். அதுவும் தடித்த நார்களால் கட்டப்பட்டது, கழன்று விழுகிற சாமானில்லை. 1998இல் வெளிவந்த ஒரு சுவீடன் ஆய்வைப் பற்றியும் அந்தப் பிள்ளை சொன்னார். பத்துப் பேரின் எலும்புக்குள் சின்ன உலோகக் குண்டுகளை வைத்து, முறுக்கி எடுப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்களாம். எலும்பின் இடம் மாறவேயில்லை. அப்படியென்றால் எனக்குக் கிடைத்த அந்த இரண்டு நாள் சுகம்? "தசை இளகினது அக்கா, எலும்பு எங்கயும் போகவும் இல்ல, வரவும் இல்ல."

பிறகு நடந்ததுதான் என்னைப் பெல்ட் வாங்க வைத்தது. மல்லாக்கப் படுத்தபடி இடது காலை ஒரு சாண் உயர்த்தச் சொன்னார். அரிசி மூட்டை கட்டிவிட்ட மாதிரி, கால் அசைய மாட்டேன் என்றது. வயிறெல்லாம் நடுங்கியது. பிறகு தன் இரண்டு கையாலும் என் இடுப்பை இரு பக்கத்திலிருந்தும் நெரித்துக்கொண்டு, "இப்பத் தூக்குங்க" என்றார். கால் தன்பாட்டில் மேலே வந்தது! நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. பெல்ட் செய்வது அவருடைய அந்த இரண்டு கையின் வேலையைத்தான்.

சரி, பெல்ட்டுக்கு வருவோம். 2022 பெப்ரவரியில் வாங்கினேன். ரூபாய் விழுவதற்குச் சற்று முன் என்பதால் என் விலை இன்று யாருக்கும் பிரயோசனப்படாது. நாலு விரல் அகலம், இரு பக்கமும் இழுத்து ஒட்டும் வெல்க்ரோ பட்டி. வாங்கியதும் முதல் மூன்று கிழமை பிழையாகவே கட்டினேன், சேலை கட்டுகிற இடுப்பில். அது முள்ளந்தண்டுப் பெல்ட் கட்டும் இடம். எஸ்.ஐ. பெல்ட் அதற்குக் கீழே, முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனைக்குச் சற்றுக் கீழாக, தொடையின் பக்க எலும்புக்கு மேலாகச் சுற்றி வர வேண்டும். இறுக்கமும் நான் நினைத்த அளவு தேவையில்லை. மூச்சு முட்டினாலோ கால் விறைத்தாலோ அது கூடிப்போச்சு.

குறைகள் இருக்கின்றன. கதிரையில் இருந்தால் மேலே ஏறிவிடும், எழும்பும் ஒவ்வொரு முறையும் கீழே இழுக்க வேண்டும். கொழும்பு வெக்கைக்கு ஏப்ரலில் அதைக் கட்டுவது ஒரு தண்டனை. தோலில் நேரே கட்டி இரண்டு நாளில் வேர்க்குரு போட்டது, பிறகு மெல்லிய பருத்தித் துணிக்கு மேல்தான். வெல்க்ரோ என் இரண்டு நல்ல சேலையின் நூலை இழுத்துவிட்டது. எட்டாம் மாதம் பிடி தளர்ந்தது. பழைய பல்துலக்கியால் அதில் சிக்கிய நூலையும் மயிரையும் வாரி எடுத்த பிறகு இன்னும் ஒரு வருடம் ஓடியது.

அதன் பெறுமதி தெரிந்தது 2022இன் சமையல் காஸ் சிலிண்டர் வரிசையில்தான். அந்த வருடம் எப்படி நின்றோம் என்று சொல்லத் தேவையில்லை. பெல்ட் இல்லாமல் இருபது நிமிடத்தில் வலது காலுக்குப் பாரத்தை மாற்றிக் கோணிக்கொண்டு நிற்பேன். பெல்ட்டோடு ஒன்றரை மணித்தியாலம் நின்றிருக்கிறேன். நோ இல்லையென்றில்லை, தாங்கக்கூடிய நோ.

ஆனால் பிள்ளை கண்டிப்பாகச் சொன்னது: நிற்கவும் நடக்கவும் மட்டும் கட்டு, படுக்கும்போது கழற்று, பயிற்சியை விட்டால் பெல்ட்டையும் எறிந்துவிடு. முதல் மாதம் மூச்சை விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளே எடுப்பது, மல்லாக்கப் படுத்து இடுப்பை உயர்த்துவது. பிறகு நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுவது. ஒரு பக்கத்துப் பிட்டத் தசையும் மறுபக்கத்து முதுகுத் தசையும் குறுக்கே இழுத்துப் பிடிக்கும்போது மூட்டு உள்ளிருந்தே இறுகுமாம், அதாவது சொந்தப் பெல்ட். நாலாம் மாதம் தண்ணீர்ப் போத்தல் நிறைத்த பையை நிலத்திலிருந்து தூக்கவைத்தார். அன்றைக்குத்தான் குனியும் பயம் போனது. இடையில் இரண்டு முறை பழைய நோ திரும்பி வந்தது, இரண்டும் நான் பயிற்சியை விட்ட மாதங்கள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுப்பது மட்டும் இன்னும் தொடர்கிறது. கோயிலில் சப்பாணி கட்டி இருப்பதைக் குறைத்துவிட்டேன், ஐயர் ஒன்றும் சொல்லவில்லை.

போன ஆடிவேலுக்குத் தேரோடு கொஞ்சத் தூரம் பெல்ட் இல்லாமல் நடந்தேன். இப்போது அதை எடுப்பது யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ் ஏறும் நாட்களில்தான். போன முறை அலுமாரியில் தேடினால் காணவில்லை. மாமி எடுத்துக் கட்டிக்கொண்டு குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "நாரிக்கு நல்ல இதமாக் கிடக்குப் பிள்ளை" என்றார். பார்த்தேன், சரியாகச் சேலை கட்டும் இடுப்பில்.