போமிக்கா ஒட்டிய குசினி மேடை: சில மாரிகள் கடந்த பிறகு

கோண்டாவில் வீட்டுக் குசினியில் 2019 இல் பலகை மேல் போமிக்கா என்கிற பளபளப்பான தாளை நானே வெட்டி ஒட்டிய மேடையில்தான் இன்றைக்கும் சமையல் நடக்கிறது. கிரனைட்டா, ரைல்ஸா, இதுவா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேலே பளபளவென்று தெரிகிற தாளைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். மேடை நிற்குமா ஊதுமா என்பது அடியில் கிடக்கிற பலகையிலும் வெட்டிய ஓரங்களிலும்தான் இருக்கிறது. ஐப்பசி தொடங்கினால் மார்கழி வரை ஈரம், மிச்சக் காலத்தில் கறையான் என்று இருக்கிற யாழ்ப்பாணத்தில் இதை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது.

அந்தத் தாள் வெறும் பிளாஸ்ரிக் இல்லை. பினோலிக் பிசினில் தோய்ந்த தடித்த கடதாசி அடுக்குகளும், அவற்றின் மேல் மெலமைன் பிசின் ஊறிய நிறத்தாளும் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக இறுகியது. 8 அடிக்கு 4 அடியாக வருகிறது, தடிப்பு ஒரு மில்லிமீற்றர் அளவில். அவ்வளவு மெல்லியது தனியாக எதையும் தாங்காது. பலகை வளைந்தால் அதுவும் வளையும். அதனால் காசை மிச்சம் பிடிக்கிற இடம் பலகை அல்ல. நான் போட்டது 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட், தண்ணீர் தாங்கும் பசையில் அடுக்கி ஒட்டிய பலகை. தூள் அமுக்கிச் செய்த சிப்போட் பலகை விலை குறைவு, ஆனால் ஒருமுறை தண்ணீர் குடித்துவிட்டால் பிட்டு மாதிரி உதிரும்.

தாங்குவதற்கு மரக்கால் வைக்கவில்லை. சீமெந்துக் கல்லில் குட்டைச் சுவர்கள் எழுப்பி, அவற்றின் மேல்தான் பலகை. கறையான் ஏறினால் மண்கோடு சுவரில் வெளிச்சமாகத் தெரியும், உடனே தட்டிவிடலாம். மட்டம் பார்க்க மேசன்மார் செய்வதுபோல ரியூப்பில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். பழைய வீட்டுச் சுவர் எங்கேயும் நேராக இராது. பலகையைச் சுவரோடு முட்டவைக்காமல் கொஞ்சம் இடைவெளி விட்டுச் சிலிக்கன் அடைப்பதுதான் சரி, சுவரின் ஈரம் பலகைக்கு வராது.

ஒட்டுகிற வேலைதான் நிதானம் கேட்பது. தாளையும் பலகையையும் இரண்டு நாள் ஒரே அறையில் போட்டுவைக்க வேண்டும், காற்றின் ஈரத்துக்கு இரண்டும் ஒன்றாகப் பழகட்டும். தாளின் நிறப்பக்கத்தில் கூரான கத்தியால் ஆழமாகக் கீறி, மேல்நோக்கி மடித்தால் கோட்டில் முறியும். முதலில் முன்விளிம்புக்கு ஒடுங்கிய துண்டை ஒட்ட வேண்டும், பிறகுதான் மேல்தாள். அப்போதுதான் மேலே வழிகிற தண்ணீர் மூட்டுக்குள் இறங்காது. கம்மை, அதாவது தொட்டவுடன் பிடிக்கிற கொன்ராக்ட் பசையை, தாளின் பின்பக்கத்திலும் பலகையிலும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுக்க வேண்டும், பதினைந்து இருபது நிமிடம். எங்கள் வெயிலில் அது இன்னும் கெதியாகக் காயும், விடியக்காலையில் செய்வது நல்லது. தொட்டால் தொட்டதுதான், திரும்ப நகர்த்த முடியாது. ஆகவே இடையில் வழுவழுப்பான தடிகளைப் பரப்பி, அவற்றின் மேல் தாளை வைத்து நேர் பார்த்து, நடுவிலிருந்து ஒவ்வொரு தடியாக உருவிக்கொண்டே அழுத்திப் போக வேண்டும். கம்மின் ஆவி தீப்பற்றும். காஸ் சிலிண்டரை வெளியே கொண்டுபோய்விட்டு, யன்னலையெல்லாம் திறந்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

பலர் விட்டுவிடுகிற இரண்டு விஷயங்கள் உண்டு. பலகையின் அடிப்பக்கத்திலும் மலிவான ஒரு தாள் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மூடினால் மாரியில் மற்றப் பக்கம் ஈரத்தை இழுத்துப் பலகை வில்லாகும். சிங்க்குக்கு வெட்டும்போது நான்கு மூலையிலும் முதலில் டிரில்லால் வட்டத் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் கூர் மூலையிலிருந்து தாள் வெடித்துப் போகும். வெட்டிய ஓரமெங்கும் வார்னிஷ் குடிக்கக் குடிக்கப் பூசிய பிறகே சிங்க்கை இறக்க வேண்டும்.

பாவனையில் கண்டது. மிளகாய்த்தூள், பீற்றூட், கருவாட்டு நாற்றம் எதுவும் நிற்கவில்லை. மஞ்சள் மட்டும் உடனே துடைக்காவிட்டால் பிடிக்கும், அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசிவிட்டால் போகும். கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது, பைப்பைச் சுற்றி வெள்ளைப் படை கட்டும். தேசிக்காய்ச் சாறு தேய்த்துக் கழுவிவிடுகிறோம். 2022 இல் காஸ் கிடைக்காமல் விறகடுப்புக்குப் போன நாட்களில் கரிச்சட்டிகளெல்லாம் இதன்மேல்தான் வந்து இறங்கின, கரி ஒன்றும் ஒட்டவில்லை. ஆனால் பொரித்த எண்ணெய்த் தாச்சியை அடுப்பிலிருந்து நேரே வைக்கக்கூடாது. கொதிதண்ணீரைத் தாங்கும், அந்தச் சூட்டைத் தாங்காது. கொப்பளித்தால் திருத்த வழியில்லை. மேசைத் திருவலையைப் பூட்டும் இடத்தில் ஒரு மரத்துண்டு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு நசியும். மாமி முதல் நாளே சொன்னா: “தம்பி, உதுக்கு மேல அம்மிக்குழவி வைக்கேலாது.” இடிக்கிறது, நண்டு உடைக்கிறது எல்லாம் இன்றைக்கும் வெளியே திண்ணையில்தான்.

இரண்டு இடத்தில் பழுது வந்தது. அடுப்புப் பக்கத்து முன்விளிம்பு சூட்டில் கம் இளகிக் கழன்றது. துணியை வைத்து அயன்பெட்டியால் மெதுவாகச் சூடாக்கி அழுத்தினேன், அதே கம் திரும்பப் பிடித்துக்கொண்டது. மற்றது மூலையில் இரண்டு பலகை சேரும் மூட்டு. அது கொஞ்சம் ஊதி நிற்கிறது, கைவைத்தால் தெரியும், இனி இறங்காது. மூட்டு விழாத நேர் மேடைக்குத்தான் இது முழுப் பொருத்தம். ‘ட’ வடிவக் குசினி என்றால் சிங்க் இருக்கும் பக்கத்தைக் கொன்கிறீற்றில் வார்த்து ரைல்ஸ் பதித்து, காய்ந்த பக்கத்துக்கு மட்டும் போமிக்காவை வைக்கச் சொல்வேன். நிறத்தில் வெளிர் மங்கலே நல்லது. கறுப்புப் பளபளப்பில் ஒவ்வொரு கீறலும் தெரியும். சிங்க் ஓரத்துச் சிலிக்கன் பூஞ்சணம் பிடித்துக் கறுத்திருந்தால் புரட்டாதிக்குள் சுரண்டியெடுத்துவிட்டு, நன்றாகக் காயவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மழை தொடங்கினால் அது காயாது.