தொடாமல் விற்பதா, ஓட வைத்து விற்பதா?

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் மாமாவுக்கு ஒரு தேங்காய்க் களம் இருக்கிறது. களத்தை ஒட்டிய குடோனில், கொப்பரை மூட்டைகளுக்குப் பின்னால், தார்ப்பாய் போர்த்திய ஒரு சான் ஸ்டார்ம் பல வருடமாக நின்றுகொண்டிருந்தது. 1999-ல் வாங்கிய வண்டி. 2011-க்குப் பிறகு யாரும் சாவி போடவில்லை. மீட்டரில் 9,412 கிலோமீட்டர்.

ஸ்டார்மைப் பார்த்திராதவர்களுக்கு: கோவாவில் சான் மோட்டார்ஸ் 1998-ல் கொண்டுவந்த இரண்டு சீட் கார் அது. உடம்பு முழுக்க ஃபைபர். ரெனோவின் 1,149 சிசி என்ஜின், 60 குதிரைத்திறன். வேகத்தில் அதைத் தோற்கடிக்க இன்றைக்கு ஒரு சாதாரண ஹேட்ச்பேக் போதும். ஆனால் இந்தியாவில் செய்த டூ சீட்டர் என்று விரல்விட்டு எண்ணினால் அதுவும் ஒன்று. மொத்தம் வந்ததே கொஞ்சம், அதில் மிஞ்சியது இன்னும் கொஞ்சம்.

மாமா விற்கலாம் என்று வாய் திறந்ததும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கோவைக்காரர், பழைய கார்கள் சேர்ப்பவர். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு நட்டைக்கூடத் தொடாதீங்க. தூசியோட அப்படியே எனக்கு வேணும்" என்றார். அடுத்தவர் கோபிக்காரத் தம்பி, பெங்களூரில் வேலை. "திம்பம் இறங்கி இதுலயே ஊருக்கு வரோணுமுங்க. ஓடற வண்டின்னாத்தான் பேச்சு" என்றார். திம்பம் என்றால் 27 கொண்டை ஊசி வளைவு. பிரேக்கில் கால் வைக்காமல் இறங்க முடியாத பாதை.

"ஆளுக்கொண்ணு சொல்றாங்க மாப்ளே. நீதான் வண்டி வேலை தெரிஞ்சவன், சொல்லு" என்றார் மாமா. முதலில் நான் கோவைக்காரர் பக்கம்தான் நின்றேன். பிறகு மாறினேன். ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

தொடாமல் விற்பவரின் பக்கம்

குறைந்த கிலோமீட்டர் என்பது ஒரு எண் மட்டுமே. அந்த எண்ணை நம்ப வைப்பது வண்டியின் மற்ற பாகங்கள். கிளட்ச் பெடலின் ரப்பரில் வரிகள் மழுங்காமல் இருக்கின்றனவா, ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடம் பளபளத்துவிட்டதா, டிரைவர் சீட்டின் ஓரத் துணி நைந்திருக்கிறதா, கண்ணாடிகள் எல்லாம் ஒரே காலத்தில் செய்தவையா என்று அனுபவசாலி ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எல்லாம் 9,000 கிலோமீட்டர் என்றே சொன்னால் மீட்டரை நம்புவார். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அதையே பிடித்துக்கொள்வார். "இது ஏன் புதுசு?" என்ற கேள்விக்கு விற்பவரிடம் நல்ல பதில் இருந்தாலும் பாதிப் பேர் நம்புவதில்லை.

திருப்பூரில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இது நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த டூ சீட்டர், ஓட்டியது மிகக் குறைவு. விற்கும் முன் புதுசு மாதிரி ஆக்கிவிடலாம் என்று ஒரு பட்டறையில் விட்டார். முழு பெயின்ட் அடித்து, தோல் சீட்டைப் பிரித்து ரெக்சின் தைத்து, கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றிப் போட்டுவிட்டு டச் ஸ்கிரீன் மாட்டினார்கள். பழைய ஸ்டீரியோ எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. வாங்க வந்தவர் பெயின்டின் தடிமனை அளக்கும் மீட்டரை வைத்தார். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100, 150 மைக்ரான் அளவில் இருக்கும். அந்தக் காரில் கதவுக்குக் கதவு வேறு வேறு எண், எல்லாமே அதற்கு மேல். "எங்க இடிச்சுது?" என்றுதான் முதலில் கேட்டார். அது எங்கும் இடித்த வண்டி அல்ல. ஆனால் அதை நிரூபிக்கக்கூடிய ஒரே சாட்சியான பழைய பெயின்டை அவர்களே தேய்த்து எடுத்துவிட்டார்கள். அந்தக் காரை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

ஸ்டார்மில் இது இன்னும் கடுமை. ஃபைபர் உடம்பில் சாதாரண பெயின்ட் மீட்டர் வேலை செய்யாது, அது உலோகத்தின் மேல்தான் அளக்கும். ஆகவே வாங்குபவர் கண்ணை நம்பித்தான் பார்க்க வேண்டும். ஃபைபருக்கே உரிய நட்சத்திர வெடிப்புகள் எங்கே இருக்கின்றன, பழைய ஸ்டிக்கர் ஒட்டியபடி இருக்கிறதா, போல்ட் தலையில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று தேடுவார். எங்கள் வண்டியில் நம்பர் பிளேட்கூட 1999-ல் கையால் எழுதியது. இரண்டாவது சாவி, டூல் பை, முதல் பில், கிலோமீட்டர் எழுதிய சர்வீஸ் சீட்டுகள் எல்லாவற்றையும் அத்தை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு பீரோவில் வைத்திருந்தார். அந்த டின்னுக்கே தனி விலை உண்டு என்று சொன்னால் மிகையில்லை.

நின்ற வண்டிக்கு என்ன ஆகிறது

கோவைக்காரர் பக்கம் நின்ற என்னை முதலில் அசைத்தது டயர்தான். டயரின் பக்கச் சுவரில் செய்த தேதி இருக்கும். 2000-க்குப் பிறகு வந்த டயர் என்றால் நான்கு இலக்கம்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மாமாவின் வண்டியில் மூன்றே இலக்கம் இருந்தது, 179. அதாவது 1999-ன் 17-வது வாரம். வண்டியோடு வந்த அதே டயர். பட்டன் தேயவே இல்லை, பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆனால் ரப்பர் மரமாகிவிட்டது. நகத்தால் அழுத்தினால் இறங்கவில்லை. பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள்.

நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பரில் இறந்த விபத்தைப் பலரும் வேகத்தோடு மட்டுமே நினைக்கிறார்கள். வேகம்தான் முதல் காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் போர்ஷே கரேரா ஜிடி-யின் டயர்களுக்கு ஒன்பது வயது என்பதையும் விசாரித்தவர்கள் எழுதி வைத்தார்கள். சேகரிப்பவர்கள் ஆசைப்படும் கார்தான் அதுவும். மாமாவின் டயருக்கு அதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வயது.

அடுத்தது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும், உள்ளே துரு பிடிக்கும். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். இங்கே பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. திம்பம் போன்ற இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. டேங்கில் இருந்த பெட்ரோல் வார்னிஷ் வாடை அடித்தது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அதுவும் ஈரத்தை இழுக்கும். 1999-ன் பெட்ரோல் ஹோஸ்கள் இதற்காகச் செய்தவை அல்ல. போதாததற்குக் கொப்பரைக்கு வந்த எலிகள் பானெட்டுக்குள் வயரிங்கையும் ருசி பார்த்திருந்தன.

என்ஜினில் பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்க வைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அது கிலோமீட்டரால் மட்டும் வயதாவதில்லை, வருடத்தாலும் வயதாகும். 9,000 கிலோமீட்டர்தானே என்று ஸ்டார்ட் பண்ணிப் பெல்ட் அறுந்தால், பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதிவிடும். அதோடு அந்த ஒரிஜினல் என்ஜினின் கதை முடிந்தது. தொடாமல் விடுவதே ஒரிஜினலைக் கெடுக்கும் இடம் இது.

அப்புறம் காகிதம். 15 வருடம் முடிந்த சொந்தக் காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அதற்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆன கட்டணம், 20 வயது தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆகிவிட்டது. வின்டேஜ் என்று பதியலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2021-ல் வந்த அந்த விதி 50 வயது தாண்டிய வண்டிக்குத்தான். 'விஏ' என்று நம்பர் வரும், அன்றாடம் ஓட்டக் கூடாது. மாமாவின் ஸ்டார்முக்கு அந்த வயது வர 2049 ஆகும். ஆகவே பெயர் மாற்ற வேண்டும் என்றால் வண்டி ஓட வேண்டும், நிற்கவும் வேண்டும். கோவைக்காரர் இதை யோசித்திருக்கவில்லை.

எதைத் தொட்டோம், எதை விட்டோம்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை வாங்க வருகிறவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், பிறகு ஓட்டிக் காட்டச் சொல்வார். பல் நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கால் ஊன்றாத குதிரையை யாரும் பிடித்துப் போவதில்லை. ஓட்டம் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பல் பார்க்காமலும் விடுவதில்லை.

அந்தக் கணக்கில்தான் பிரித்தேன். மறுபடி வாங்க முடியாததைத் தொடுவதில்லை: பெயின்ட், சீட் துணி, டேஷ்போர்டு, கண்ணாடி, பெடல் ரப்பர், கையால் எழுதிய நம்பர் பிளேட். கடையில் கிடைப்பதும் காலத்தால் கெடுவதும் உயிரைக் காப்பதுமாக இருந்தால் மாற்றுவது: டயர், டைமிங் பெல்ட், பிரேக் ரப்பர்கள், ஆயில்கள், பெட்ரோல் ஹோஸ், பேட்டரி. இதே என்ஜின் ஐரோப்பாவில் கிளியோவிலும் ட்விங்கோவிலும் வந்ததால் பெல்ட் வரவழைப்பது பெரிய பாடாக இல்லை. கழற்றிய ஒவ்வொன்றையும் துடைத்து, சீட்டு எழுதிக் கட்டி, மரப்பெட்டியில் வைத்தோம். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றிய பிறகு என்ஜினைக் கையாலேயே சுற்றிப் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் பேட்டரி இணைத்தோம்.

இந்தக் கோட்டில் அடங்காதவையும் இருந்தன. எலி கடித்த வயரிங்கை முழுதாக மாற்றுவது சுலபம், ஆனால் கம்பெனி சுற்றிய டேப்போடு அது போய்விடும். கடித்த இடத்தை மட்டும் வெட்டி, அதே நிற வயரை வைத்து ஒட்டினோம். இரண்டு நாள் ஆனது. கதவு ஓரத்து ரப்பர் பீடிங் காய்ந்து சுருங்கியிருந்தது, மழை பெய்தால் உள்ளே ஒழுகும். அதை அப்படியே விட்டோம். ஒழுகுவதால் யாரும் சாகப்போவதில்லை, அதே வடிவில் இன்னொன்று கிடைக்கப்போவதும் இல்லை. ஏசியையும் தொடவில்லை, வேலை செய்யாது என்று சொல்லியே விற்றோம்.

மொத்தச் செலவு 71,000. அதில் டயரும் பெல்ட்டும்தான் பாதிக்கு மேல்.

வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்துக் கோடு கொஞ்சம் நகரும், அதை மறுக்கவில்லை. கோவையிலேயே அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது, செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக் இருக்கிறது. மியூசியத்தில் நிற்கப்போகும் காருக்குப் பழைய டயரே அழகு. ஆனால் சாவியைக் கைமாற்றிய பிறகு அது நிற்குமா ஓடுமா என்பது விற்பவர் கையில் இல்லை. நிற்க மட்டும்தான் வாங்குகிறேன் என்று சொன்னவரின் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்க மாட்டானா?

வேலை முடிந்ததும் இருவரையும் கூப்பிட்டோம். கோபித் தம்பி முத்தூர் வரை ஓட்டிப் போய் வந்து சிரித்தபடி இறங்கினார், ஆனால் ஏசி இல்லை, ஒழுகும் என்று கேட்டதும் விலையைக் குறைத்துப் பேசினார். கோவைக்காரர் முகத்தைச் சுளித்தபடிதான் வந்தார். "தொடாதீங்கன்னு சொன்னேன்ல" என்று முன்பு சொன்ன விலையில் 40,000 குறைத்தார். மாமா ஒன்றும் பேசாமல் மரப்பெட்டியைத் திறந்து வைத்தார்.

அவர் ஒவ்வொரு சீட்டாகப் படித்தார். பழைய டைமிங் பெல்ட்டை எடுத்து விரலால் பின்பக்கமாக வளைத்தார். பல்லின் அடியில் வெடிப்பு திறந்துகொண்டது, ஒரு பல் கையோடு வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுலயே சாவி போட்டிருப்பனுங்க" என்றார்.

குறைத்ததில் 30,000-ஐத் திரும்ப ஏற்றி, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தார். ஆர்.சி. வேலை முடிந்து வண்டியை எடுக்க வந்த நாளில் பழைய டயர் நான்கையும் லாரியில் ஏற்றச் சொன்னார். அத்தை பிஸ்கட் டின்னை அவர் கையில் கொடுத்தார். காரைத் தானே ஓட்டிக்கொண்டு அவிநாசிப்பாளையம் வழியாகக் கோவைக்குப் போனார்.