குரோக் பார்க் அரங்கச் சுற்று: ஷெஃப்லின் ஆடிய திடலை அருகிருந்து அறிய

டப்ளின் நகரின் வடபகுதியில் உள்ள குரோக் பார்க் அரங்கையும், அதற்குள் இயங்கும் கேலிக் (அயர்லாந்து மரபு) விளையாட்டு அருங்காட்சியகத்தையும் வழிகாட்டியுடன் சுற்றிப் பார்ப்பதற்கான ஏற்பாட்டை, மட்டையும் சிறு பந்தும் கொண்டு ஆடப்படும் அயர்லாந்தின் மரபு விளையாட்டான ஹர்லிங்கின் ஆட்டக்காரர் ஒருவரின் உழைப்பை உணர விரும்பும் எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். கில்கென்னி மாவட்ட அணிக்காக 1999 முதல் 2014 வரை ஆடிய ஹென்றி ஷெஃப்லினை மனத்தில் வைத்தே நான் அங்கே சென்றேன். களத்தில் ஆடி அவர் வென்ற 10 அகில அயர்லாந்துப் பட்டங்களுக்கான இறுதி ஆட்டங்களும் இந்த ஒரே திடலில்தான் நடந்தன.

ஆட்டக்காரர்கள் வெளிவரும் வழியாகத் திடலின் ஓரத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். 82,300 பேர் அமரவும் நிற்கவும் இடமுள்ள அந்த அரங்கைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போதுதான், 2007 இறுதி ஆட்டத்தில் அணித்தலைவரான ஷெஃப்லின் முழங்கால் தசைநார் கிழிந்து, இடைவேளைக்குப் பின் களமிறங்க முடியாமல், ஆட்டம் முடிந்ததும் கோப்பையைப் பெற மேலேறிச் சென்றது எத்தகைய நிகழ்வு என்பது விளங்குகிறது. 2010-இல் அதே வகைக் காயம் மீண்டும் ஏற்பட்டது. அந்தக் காயத்தோடேயே டிப்பரேரி அணிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் இறங்கியவர் கால் மணி நேரம்கூட நீடிக்க முடியாமல் வெளியேறினார், கில்கென்னியின் தொடர்ச்சியான ஐந்தாவது பட்டக் கனவும் அன்று கலைந்தது. இரண்டே ஆண்டுகளில் அவர் திரும்பி வந்து, 2012-இல் மூன்றாம் முறையாக ஆண்டின் சிறந்த ஹர்லிங் வீரராகத் தேர்வானதை என்னால் இன்றும் வியக்காமல் இருக்க முடியவில்லை. 71 சாம்பியன்ஷிப் ஆட்டங்களில் 27 கோல்களும் 484 புள்ளிகளும் அவர் கணக்கில் உள்ளன. ஒரு கோலுக்கு மூன்று புள்ளிகள் என்பதால் மொத்தம் 565.

அருங்காட்சியகத்தில் அகில அயர்லாந்து ஹர்லிங் பட்டம் வெல்பவருக்குரிய லியாம் மெக்கார்த்தி கோப்பையின் அசலைக் காணலாம். எனினும் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது, வருகையாளர்களே மட்டையைப் பிடித்துப் பழகும் பகுதிதான். தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது, ஆஷ் மர மட்டையின் நுனியால் உருட்டியோ காலாலோ மேலெழுப்பியே பிடிக்க வேண்டும் என்ற விதியை அங்கே செய்து பார்த்தால், எதிராளிகள் மோதிக்கொண்டிருக்க ஓடியபடியே அதைச் செய்பவரின் மணிக்கட்டைப் பற்றிய மதிப்பு பன்மடங்கு உயரும்.

உடைமாற்றும் அறைகளையும் காட்டுகிறார்கள். இவ்விளையாட்டில் ஆடுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஷெஃப்லினும் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டேதான் ஆடினார். அதை அறிந்து செல்பவருக்கு அந்த அறை வேறு விதமாகத் தெரியும்.

விதிகள் முற்றிலும் புதியவை என்றால், ஒரு முழு ஆட்டத்தின் பதிவையாவது முன்கூட்டியே பார்த்துவிட்டுச் செல்லுங்கள். போட்டி நாள்களில் சுற்று நேரங்கள் மாறும் என்பதால், செல்லும் தேதியை உறுதிசெய்துகொண்ட பிறகே நுழைவுச்சீட்டு வாங்குவது நல்லது.