வயிறு தள்ளுன குடோன் செவரு – 2.40 லட்சம் செலவழிச்ச அனுபவம்

எங்க வீட்டுக்குக் கீழ ஒரு குடோன் உண்டு. அப்பா வத்தல் யாவாரம் பாத்த காலத்துல மனை சரிவா கெடக்கேன்னு தோண்டிக் கெட்டுனது, மூணு பக்கம் மண்ணு, ஒரு பக்கம் வாசல். எடம் சங்கரன்கோவில் பக்கம், கரிசல் பூமி, அதுக்கு மேல சொல்ல வேண்டாம். வடக்குச் செவரு நாலஞ்சு வருசமாவே வயிறு தள்ளிக்கிட்டுத்தான் இருந்துச்சு, நாங்க மூடைய சாத்தி வச்சு மறைச்சிட்டோம். 2023 டிசம்பர் 17, 18 மழை இருக்கே, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, எங்க பக்கம் அவ்வளவு இல்லன்னாலும் அதுக்குப் பொறவு மூடைய நவட்டிப் பாத்தா செவத்து நடுவுல படுக்கவாட்டுல வெடிப்பு, பத்து ரூவா துட்டு சுளுவா உள்ள போவுது.

மொதல்ல ஒரு வாட்டர்ப்ரூஃப் ஆளு வந்தாரு. உள்ள நின்னு பாத்தாரு, உள்பக்கமே கெமிக்கல் அடிச்சுப் பூசுனா போதும்னாரு, 38 ஆயிரம் வாங்கிட்டுப் போனாரு. அடுத்த ஐப்பசியில அந்தப் பூச்சு பூரா அப்பளமா கழண்டு விழுந்துச்சு.

பெறவு மச்சான் சொல்லி பாளையங்கோட்டையில இருந்து ஒரு ரிட்டையர்ட் இஞ்சினியரு அண்ணாச்சி ரெண்டு கொத்தனாரோட வந்தாவ. அவிய குடோனுக்குள்ளயே போகல கேட்டியளா, நேரா மொட்டமாடிக்குப் போயி மழத்தண்ணிக் கொழாய் எங்க விழுதுன்னு பாத்தாவ. அது சரியா வடக்குச் செவத்துக்குப் பின்னால. ஹோஸ விட்டு முக்கா மணி நேரம் தண்ணி தொறந்து வச்சோம், உள்ள செவரு வேர்க்க ஆரம்பிச்சிட்டு. "தம்பி, மண்ணுக்குள்ள ஒரு மீட்டர் தண்ணி நின்னாலே அடியில சதுர மீட்டருக்கு ஒரு டன்னு தள்ளும், இது கம்பி இல்லாத ஒம்போது இஞ்சி செங்கல் செவரு, எத்தன நாளு தாங்கும்?"ன்னாவ. கோடையில கரிசல் வெடிக்கும்லா, அந்தப் பொளவுல கல்லும் குப்பையும் விழுந்து அடைச்சிக்கிடும், மழைக்கு மண்ணு உப்பும்போது போக எடமில்லாம செவத்த தள்ளுமாம். வருசா வருசம் இதேதான்.

தூக்குக்குண்டு விட்டுப் பாத்தா நடுவுல ஒண்ணே முக்கா இஞ்சி உள்ள வந்துருக்கு. செவரு இன்னும் நவருதான்னு பாக்க, வெடிப்புக்கு குறுக்க ஒரு கண்ணாடித் துண்ட சிமெண்டு வச்சு ஒட்டிட்டுப் போனாவ, ஒம்பதாம் நாளு காலையில அது ரெண்டா கெடந்துச்சு. எனக்கு அப்பத்தான் பயமே வந்துச்சு.

நான் வீடியோவுல பாத்துட்டு, அமெரிக்காவுல செவரு தள்ளாம புடிச்சு நிறுத்த கார்பன் ஃபைபர் பட்டை ஒட்டுறாவளேன்னு கேட்டேன் (அங்க பேஸ்மென்ட்டுன்னா வீட்டுக்கு அடியில ரூமு, நம்மூர்ல பேஸ்மட்டம்னா தரை ஒசரம், இத வெளக்கவே பத்து நிமிசம் ஆச்சு). அது காங்கிரீட்டு செவத்துக்கு நல்லாப் புடிக்கும், ஒங்க செங்கலு நகத்தால கீறுனாலே பொடியுது, பட்டையோட சேந்து தோலு உரிஞ்சு வந்துரும்னுட்டாவ.

வேலை 19 நாளு. உள்ள ஜாக்கியும் சவுக்குக் கம்பும் முட்டு குடுத்து, வெளிய நாலு நாலு அடியா மட்டும் தோண்டுனாவ, மொத்தமா தோண்டுனா செவரு எந்தப் பக்கம் சாயும்னு சொல்ல முடியாதாம். பாரம் எறங்குனதும் ஜாக்கிய பைய திருகி முக்கா இஞ்சி பின்னால தள்ளுனாவ, மிச்சத்த அப்படியே விட்டுட்டாவ, பேராசப்பட்டா செங்கலு நொறுங்கிரும். உள்ள அஞ்சடிக்கு ஒரு காங்கிரீட் தூணு, 12 எம்எம் கம்பி, அடியில தரையோடயும் மேல ஸ்லாப்போடயும் சேத்துக் கெட்டுனது. வெளிய பூச்சு, அடியில துணி சுத்துன ஓட்டைக் கொழாய், நாப்பது எம்எம் ஜல்லி, மேல சரளு. தோண்டுன கரிசல திருப்பிப் போட விடவே இல்ல. மாடித் தண்ணிக் கொழாய சரிவுப் பக்கம் திருப்பிவிட மூவாயிரத்துச் சொச்சம்தான், இத மொதல்லயே செஞ்சிருந்தா பாதித் தொல்ல வந்துருக்காது.

குறை இல்லாம இல்ல. ஜாக்கி வாடகை தனின்னு மொதல்ல சொல்லல, கடைசியில 11 ஆயிரம் கேட்டாவ, பேசி எட்டுக்குக் கொண்டாந்தேன். ரெண்டு நாளு கோயில் கொடைன்னு ஆளே வரல, குழி தொறந்தே கெடந்துச்சு, அம்மா தூங்கவே இல்ல. அஞ்சுக்கு நாலு குடுப்பேன்.

இந்த ஐப்பசி, கார்த்திகை தாண்டியாச்சு, புதுசா ஒட்டுன கண்ணாடி அப்படியே இருக்கு, பின்னால கொழாயில தண்ணி தனியா ஒழுகிப் போவுது. தோண்டுன மண்ணு மட்டும் இன்னும் புறவாசல்ல குமிஞ்சு கெடக்கு. கொத்தனாருக்குப் போன் போட்டா "நாளைக்கு வண்டி வந்துரும் அண்ணாச்சி"ங்காரு, நாலு மாசமா.